நானூறு ஜிபி குறைகிறது

...குறைகிறது, மறுபடியும் குறைகிறது, டிஸ்க்கில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று பழைய புரோகிராம் சொன்ன கணக்கைவிடப் புதியது நானூறு ஜிபி குறைத்துச் சொல்கிறது, ஐந்து பத்து என்றால் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம், நானூறு என்பது முழுப் பூசணிக்காய் அல்லவா, எந்தச் சோற்றில் மறைப்பது... என்று அவன் நாற்காலியில் சாய்ந்தான், ஐயோ என்று தலையில் கை வைக்கவேண்டிய அந்த நேரம் பார்த்து அவனுக்குள் ஒரு நிம்மதி பரவியது, வெட்கக்கேடுதான், ஆனாலும் பரவியது. தப்பு இருக்கிறது. அப்படியென்றால் வேலை முடியவில்லை. வேலை முடியவில்லை என்றால் அவள் இன்னும் பேச மாட்டாள். "இத முடிச்சிருங்க, முடிச்சப்புறம் நாம உக்காந்து பேசணும்" என்று மனைவி சொன்னாளே, சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டுகிற பெண்டாட்டியோடு காலம் தள்ளிவிடலாம், அவளோ போர்வை மடித்துக்கொண்டே, நுனியோடு நுனி சேர்த்துப் பிடித்துக்கொண்டே, பால் தீர்ந்துவிட்டது என்பதைப்போலச் சொன்னாள். என்ன பேசப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன, பச்சைக் குழந்தையா அவன். அன்றிலிருந்து இந்தப் புரோகிராம் முடியாமல் இருக்கிற வரைக்கும்தான் இந்த வீடு வீடாக இருக்கும் என்று ஆகிவிட்டது.

முடிக்காமல் இழுப்பதில் அவன் இப்போது கைதேர்ந்த ஆள். திரையில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நேராக அது எவ்வளவு இடம் தின்கிறது என்று ஒரு பட்டை வரும், அந்தப் பட்டைக்குப் பச்சையா நீலமா என்று ஒரு வாரம் ஓட்டினான், யாரும் கேட்காத வசதிகளைச் சேர்த்தான், சேர்த்ததைப் பிடுங்கினான், வேலையில்லாதவன் பூனைக்குச் சிரைத்த கதைதான், உண்மையிலேயே வேலையும் இல்லை அல்லவா, கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகு காலையில் எங்கே போவது என்று தெரியாமல் பல் தேய்த்துவிட்டு நின்றவன்தானே. அப்போது கூட வேலை பார்த்த சோடாபுட்டிதான் சொன்னான், "உன் பழைய டூல நாலு பேரு இன்னும் யூஸ் பண்றாண்டா, அதையே புது மொழில திருப்பி எழுது, இன்டர்வியூல காட்டலாம்" என்று. சொல்லிவிட்டு அவன் போய்விட்டான், அவனுக்கென்ன, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்கு நடையைக் கட்டினான். மாட்டிக்கொண்டது இவன். புது மொழியில் எழுதியதைச் சரிபார்த்து ஓட விடுகிற கம்பைலர் இருக்கிறதே, அது கம்பைலர் இல்லை, கறார் மாமியார், இது யாருடைய பொருள், யார் இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுத்தாயிற்றா, கொடுத்தபிறகு ஏன் தொடுகிறாய் என்று வரிக்கு வரி கேட்கும், பதில் சொல்லாமல் ஒரு அடி நகர விடாது. பழைய மொழி எதையும் கேட்காது, எதைத் தொட்டாலும் சரி என்று விடும், பிறகு ஒருநாள் எல்லாம் சேர்த்துக் குப்புறத் தள்ளும். இவர்கள் குடும்பம் எந்த மொழியில் எழுதியது... சீ, இதென்ன நினைப்பு, கணக்கைப் பாரு.

கணக்கு எங்கே உதைக்கும்? ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர் இருந்தால் பழையது இரண்டு தடவை எண்ணியிருக்கும், புதியது ஒருதடவை எண்ணுகிறது, அதுவாக இருக்கலாம், இருக்கட்டும், தேடுவோம், நிதானமாகத் தேடுவோம், ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இவன் பிழைப்பே அளப்பதுதான், போடுவதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. இந்தப் புரோகிராமையே அவளுக்காகத்தானே எழுதினான். அவள் வீட்டிலிருந்தே சினிமாப் படங்களுக்கு அடியில் ஓடும் வசன எழுத்துப் போடுகிறவள், ஒவ்வொரு படமும் மலை மாதிரி இடம் பிடிக்கும், இருவருக்கும் இந்த ஒரே கம்ப்யூட்டர், அவளுக்கு ஒரு ஃபோல்டர் இவனுக்கு ஒரு ஃபோல்டர், ஒருநாள் டிஸ்க் நிறைந்து அவள் வேலை பாதியில் நின்றபோது ஆடித் தீர்த்துவிட்டாள், "எவன் இவ்ளோ இடத்தத் திங்கிறான்னு கண்டுபுடிச்சுக் குடுங்க, இல்லன்னா மொதல்ல உங்க சாமானத்தான் தூக்கிப் போடுவேன்." ஒரே வாரத்தில் எழுதினான். ஓட்டிப் பார்த்தால் தின்றவன் இவன்தான், கேட்காத பாட்டுகளும் உபயோகமில்லாத இன்ஸ்டால் ஃபைல்களும் அவளுடைய பட்டையைவிட இரண்டு மடங்கு நீளம். "திருடனே போலீஸ வச்சுத் தன்னப் புடிச்சுக்கிட்டான்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அடுத்த நாளே அதில் நாலு வசதி சேர்த்தான், அப்புறம் அதை இணையத்தில் போட்டான், முகம் தெரியாத ஊர்க்காரனெல்லாம் எடுத்துப் பயன்படுத்தினான். அவள் எப்போது சிரிப்பதை நிறுத்தினாள்? அவனுக்கு நினைவில்லை, அதுதான் கொடுமை. அவள் ஃபோல்டரை எத்தனையோ தடவை எடை போட்டிருக்கிறான், ஒருதடவைகூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை, பெரிய யோக்கியன் என்று அதற்கு மட்டும் ஒரு பெருமை.

இரண்டு பெயர் விஷயம் இல்லை, பார்த்துவிட்டான், இரண்டு பெயருள்ள ஃபைலே கிடையாது. வெளியே பெரிதாக அளவு காட்டி உள்ளே வெறும் ஓட்டையாக இருக்கிற ஃபைல்களா, அதுவும் இல்லை. திறக்க முடியாத ஃபோல்டரைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறதோ, அப்படி ஒன்றுமே இல்லை. சிறிது சிறிதாக நிம்மதி கரைந்து எரிச்சல் ஏறியது, ஏனென்றால் பொய்க்காகத் தேட ஆரம்பித்தாலும் தேட ஆரம்பித்தபின் கை நிற்காது, அது தொழில் புத்தி. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "முடிஞ்சுதா?" "இல்ல... ஒரு கணக்கு இடிக்குது. பழசவிடப் புதுசு நானூறு கம்மியாக் காட்டுது." வழக்கமாக உடனே திரும்பிப் போகிறவள் இன்று நின்றாள், திரையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "நல்லாத் தேடிப் பாருங்க" என்றாள். போய்விட்டாள். பாவம், அவளுக்கும் அக்கறை இருக்கத்தான் இருக்கிறது என்று, மடையன், தேநீரை ஊதி ஊதிக் குடித்தான்.

பழையதை இன்றைக்கு ஒருதடவை ஓட்டிப் பார்த்தால் என்ன? முதலில் செய்யவேண்டியதே அதுதான், நேற்று இந்தத் தொழிலுக்கு வந்தவனுக்குக்கூடத் தெரியும், ஆனால் வேலையைத் தொடங்கிய புதிதில் பழையதை ஓட்டிச் சரியான விடை என்று எடுத்து வைத்திருந்தான் அல்லவா, அந்த விடையோடுதான் ஒவ்வொரு தடவையும் ஒத்துப் பார்க்கிறான், ஐந்து பத்து முன்னே பின்னே எத்தனையோ நாள் ஒத்தும் வந்திருக்கிறது. ஓட்டினான். பட்டைகள் ஏறின, நின்றன, கூட்டுத்தொகை வந்தது... ஒரே எண். புதியதும் பழையதும் ஒரே எண், கடைசி இலக்கம் வரைக்கும். அட! சரியாகத்தான் எழுதியிருக்கிறோம், ஒரு பிசிறு இல்லை, பழையதைவிட ஏழெட்டு மடங்கு வேகம் வேறு, அடேய், நீ செத்துப்போகவில்லையடா, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டான், அவளைக் கூப்பிட வாயைத் திறந்தே விட்டான். திறந்த வாய் அப்படியே நின்றது. புரோகிராம் இரண்டும் சரி என்றால் குறைந்தது டிஸ்க். டிஸ்க்கிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, இந்த வீட்டில் எத்தனை பேர். உயிருள்ளவர்கள் வாழ்கிற ஒரு டிஸ்க்கை ஆடாமல் அசையாமல் இருக்கிற விடை என்று எடுத்து வைத்துக்கொண்டானே, இதைவிட ஒரு முட்டாள்தனம் உண்டா. பட்டியலுக்குள் போனான். இவனுடைய பட்டை திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அவள் பெயருக்கு நேராக ஒன்றுமில்லை, பட்டை என்று ஒரு கோடுகூட இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக உள்ளே போய்ப் பார்த்தான். படம் இல்லை, வசனம் இல்லை, குப்பைகூட இல்லை, துடைத்து வைத்த மாதிரி காலி. பேசுவதற்கு என்று அவன் நாளைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான், அவள் பேசாமலே போக ஆரம்பித்திருக்கிறாள்.

 அழுகை வரும் என்று பார்த்தான், வரவில்லை, கை தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, பட்டியலில் இன்னும் ஒன்று இருந்தது, இருவருக்கும் பொதுவான ஃபோல்டர், இருவருமாக எடுத்த புகைப்படங்கள் எல்லாம் அதில்தான். எடுத்து வைத்த விடையில் அதன் எடையைத் தேடிப் பார்த்தான், இன்றைய எடையைப் பார்த்தான். குறையவில்லை. ஒரு பைட் குறையவில்லை. அப்படியானால் விட்டுவிட்டாளா, வேண்டாம் என்றே விட்டுவிட்டாளா... இரு, அவசரப்படாதே, தூக்கிக்கொண்டு போனால்தான் குறையும், நகல் எடுத்துக்கொண்டு போனால் குறையாதே, எத்தனை நகல் எடுத்தாலும் எடை அப்படியேதான் நிற்கும், எந்த மொழியில் திருப்பி எழுதினாலும் எடை போடுகிற புரோகிராமுக்கு அது தெரியப்போவதில்லை. அடுத்த அறைக்குப் போய்க் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாள், அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. போய்க் கேள். எழுந்து போய்க் கேளடா... நின்றுகொண்டுதானே இருக்கிறாய். எடுத்துக்கொண்டேன் என்று அவள் சொன்னால் என்ன அர்த்தம், இனி இங்கே வந்து பார்க்கப்போவதில்லை என்பதால்தானே கையோடு ஒரு நகல், எடுக்கவில்லை என்று சொன்னால், அது அதைவிட... இரண்டில் எந்தப் பதில் வரவேண்டும் என்று ஆசைப்படுவது என்றே அவனுக்குத் தெரியவில்லை.