இரண்டு பேர் உட்காரும் வண்டி

டாக்டர் வாழ்நாள் முழுக்கப் பல் பிடுங்கியவர். அவர் எதிரே உட்கார்ந்த யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. வாயைப் பிளந்துகொண்டு எப்படிப் பேசுவது? கிளினிக்கை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. தான் பேசும்போது எதிரில் இருப்பவர் பதில் சொன்னால், ஏதோ நாற்காலி பேசிவிட்டதைப் போலத் திரும்பிப் பார்ப்பார்.

உலகத்தில் அவருக்குப் பிடித்தது ஒன்றுதான். சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். மொத்தமே இரண்டு சீட். அதை வாங்கியபோது மகள் கைக்குழந்தை. மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை அதில் ஏறினாள். குழந்தை சீட்டில் பால் கக்கியது. அதோடு சரி. அதன் பிறகு கல்யாணமோ சாவோ, டாக்டர் காரில் முன்னால் போவார். தாயும் மகளும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் பின்னால் போய்ச் சேருவார்கள். தாய் இறந்த பிறகு மகள் தனியாக பஸ் ஏறினாள்.

அந்த மகளைக் கட்டியவர் புவியியல் வாத்தியார். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியதும், வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி மாமனார் வீட்டுக்குக் குடிவந்தார்கள். அந்த 'வரைக்கும்' நீண்டுகொண்டே போனது. டாக்டர் மாப்பிள்ளையை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சாப்பிட்டீங்களா வாத்தியாரே? கூச்சப்படாம சாப்பிடுங்க. இங்க யாரும் உங்க தட்டை எட்டிப் பாக்கல" என்பார், தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே.

டாக்டருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாள் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணைக் காட்டி வருவதற்காக, முதன்முறையாகச் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க வாய் ஓயவில்லை.

"மெதுவா வாத்தியாரே. அது கிளட்ச். களிமண் இல்ல மிதிச்சுக் குழைக்க."

மேம்பாலத்தில் ஏறும்போது பட்டென்று ஒரு சத்தம். கூடவே பானட்டுக்குள் யாரோ ஸ்பூன்களை வாரி இறைத்ததுபோலக் கடகடப்பு. பிறகு எதுவும் இல்லை. இன்ஜின் செத்துவிட்டது. வாத்தியார் வேகம் அடங்குவதற்குள் வண்டியை ஓரமாக ஒதுக்கினார். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்தித் திட்டிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அறுவை செய்த கண் சிவந்து நீர் கோத்திருந்தது.

"கொன்னுட்டீங்களே" என்றார், மிக மெதுவாக.

வண்டியை இழுத்துக்கொண்டு போன பட்டறையை நடத்தியது ஒரு பெண்மணி. பருத்த உடம்பு, கட்டைக் குரல். பட்டறைக்காரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இன்ஜினின் முன்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே கிடந்த டைமிங் பெல்ட்டை இழுத்து எடுத்தாள். பழைய செருப்பு வார் மாதிரி விரிசல் விட்டு, பல் பல்லாக உதிர்ந்து வந்தது.

"இது மக்கிப் போய் அறுந்திருக்கு. போன தடவை நீங்க வந்தப்பவே சொன்னேனே டாக்டரே, இதை மாத்திடுங்க, தாங்காதுன்னு."

"பெல்ட் நல்லாத்தான் இருந்துச்சு. கியர் போட்ட கை அப்படி."

அவள் வாத்தியாரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவருக்கு மட்டும் விளக்குவதுபோலச் சொன்னாள். "இந்த இன்ஜின்ல மேலேயிருந்து வால்வு இறங்குற இடத்துக்குத்தான் கீழேயிருந்து பிஸ்டனும் ஏறி வருது. ரெண்டும் முட்டிக்காம நேரம் பாத்துத் தர்றது இந்த பெல்ட்தான். இது போச்சுன்னா முட்டிக்க வேண்டியதுதான். உள்ள அத்தனை வால்வும் வளைஞ்சிருக்கும். விட்டுட்டுப் போங்க, பண்ணித் தரேன்."

"வேண்டாம்" என்றார் டாக்டர். "வண்டி என் ஷெட்டுக்கு வரட்டும். உடைச்சவரே சரி பண்ணுவார். சும்மாதானே இருக்கார்?"

அன்று மாலை வாத்தியார் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரின்னு சொல்லிடுங்களேன். ஒரு இன்ஜின்தானே."

"என் தப்பு இல்லைன்னு அவருக்குத் தெரியும். இப்ப உனக்கும் தெரியும்."

"தெரிஞ்சு என்னங்க பண்றது?" என்றாள், அப்பாவின் சட்டையை நீவி மடித்தபடி.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். வாத்தியார் ஒவ்வொரு மாலையும் அங்கே இறங்கினார். அதுவரை அவர் கையில் பிடித்த பெரிய ஆயுதம் சாக்பீஸ்தான். தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டி, ஒரு வழியாக இன்ஜினின் தலைப்பகுதியைத் தூக்கி எடுத்தார். அது முடிவதற்குள் விரல் முட்டிகள் எல்லாம் உரிந்துவிட்டன. டாக்டர் பிரம்பு நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். உறவுக்காரர்கள் வந்தால் நேரே ஷெட்டுக்குத்தான் அழைத்து வருவார்.

"வாங்க, வாங்க. இங்க பெரிய ஆபரேஷன் நடக்குது. கொன்னவரே உயிர் குடுக்கிறார். எங்கேயாவது பாத்திருக்கீங்களா?"

அவர்கள் சிரிப்பார்கள். வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார். குனிந்துகொண்டே சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் ஸ்பேனர் நழுவி உள்ளங்கை கிழிந்தது. டாக்டர் நாற்காலியிலிருந்து அசையவில்லை. பல் பிடுங்கியவருக்கு ரத்தம் புதிதா என்ன?

"பெயின்ட்ல சொட்டாம பாத்துக்குங்க" என்றார்.

ஆனால் ஒரு விஷயம் யாரும் எதிர்பாராதது. வாத்தியாருக்கு அந்த வேலை பிடிக்க ஆரம்பித்தது. பட்டறைக்காரி புது வால்வுகளைக் கொடுத்து, அரைக்கும் பசை தடவி, அவை அமரும் குழிகளில் அவற்றைத் தேய்த்து உட்கார வைக்கக் கற்றுக்கொடுத்தாள். வால்வில் ஒட்டிய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். சரியாக அமர்ந்தால் விளிம்பைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் விழும். அந்த வளையம் முழுசாக விழுந்த மாலையில் வாத்தியார் தன்னை மறந்து ஒரு பாட்டை முணுமுணுத்தார்.

டாக்டர் அதைக் கேட்டுவிட்டார்.

மறுநாளே வால்வு லாக் ஒன்று காணாமல் போனது. நகக்கண் அளவு இரும்புத் துண்டு. ஒவ்வொரு வால்வின் கழுத்தையும் இரண்டு லாக் சேர்ந்து கவ்விப் பிடிக்கும். ஒன்று குறைந்தாலும் வேலை அப்படியே நிற்கும். வாத்தியார் தரையில் மண்டியிட்டுத் தேடினார். எண்ணெய்த் தட்டைக் கவிழ்த்து விரலால் துழாவினார். கார் அடியில் வயிற்றால் ஊர்ந்தார். மனைவி டார்ச் பிடித்தாள். இன்னொரு லாக்கைக் கையில் கொடுத்து, "இதே மாதிரிதான் இருக்கும், நல்லாப் பாரு" என்று அவளுக்குக் காட்டினார்.

"அந்தப் பக்கம் பாருங்க வாத்தியாரே" என்று டாக்டர் நாற்காலியிலிருந்து வழிகாட்டினார். "இல்ல, இல்ல, சாக்கடை வாய்ல. கையை நல்லா உள்ள விடுங்க. பூமியோட மூலை முடுக்கெல்லாம் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தவர், ஒரு ஷெட்டுக்குள்ள தேட முடியலையா?"

"பட்டறையில பழைய லாக் ஏதாவது இருக்கும் மாமா. கேட்டு வாங்கிட்டு வரேன்."

"வேற வண்டிச் சாமான் இதுல ஏறக் கூடாது. தேடுங்க."

மூன்று மாலை தேடினார். நான்காம் நாள் காலையில் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுப் பக்கம் போனார். மனைவி துவைப்பதற்கு முன் அப்பாவின் சட்டைப் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வாத்தியார் கதவு மறைவில் நின்றார். இருந்த தூரத்திலேயே அது என்னவென்று அவருக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரியும். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். நேராகக் கூடத்துக்குப் போய் அப்பாவின் மேஜையில் அதை வைத்தாள்.

"சட்டைல இருந்துச்சுப்பா."

"வச்சுட்டுப் போ" என்றார் டாக்டர், பேப்பரிலிருந்து தலை நிமிராமல்.

அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்ததுமே டாக்டர் காலடியில் குனிந்தார். "அட! இங்கதானே கிடக்குது. ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு எனக்குத் தெரியுது. உங்களுக்கு ரெண்டு இருந்தும் என்ன பிரயோஜனம் வாத்தியாரே?"

வாத்தியார் கை நீட்டி வாங்கிக்கொண்டார். "தேங்க்ஸ் மாமா" என்றார். டார்ச்சோடு நின்ற மனைவியை அவர் பார்க்கவில்லை. அதன் பிறகும் அவர் அவளை அதிகமாகப் பார்க்கவில்லை.

தலைப்பகுதி மறுபடி இன்ஜினில் உட்கார்ந்தது. புது பெல்ட் ஏறியது. பெல்ட் ஓடும் சக்கரங்களில் இருந்த குறிகள் ஒன்றுக்கொன்று நேராக நின்றன. பட்டறைக்காரி ஒருநாள் வந்து, ஸ்பேனர் மாட்டி இன்ஜினைக் கையாலேயே முழுச் சுற்றாகச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்கேயும் முட்டல. சுத்தமான வேலை. எம் பட்டறைக்கு வந்துடுங்களேன் வாத்தியாரே."

"தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சிரித்தார். "சாப்பாடு மட்டும் அங்கேயே போட்டுடுங்க."

டாக்டரின் கண்ணும் ஆறிவிட்டது. ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தையும் மைத்துனர்களையும் வரச் சொன்னார். அதற்கு முந்தைய வாரம் வாத்தியாருக்கு ஒரு போன் வந்திருந்தது. தூரத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, வீடு எழுவதற்கு முன் வாத்தியார் ஷெட்டுக்குள் போனார். முன்மூடியைக் கழற்றினார். பெல்ட்டை இறுக்கும் உருளையைத் தளர்த்தி, பெல்ட்டை மேல்சக்கரத்திலிருந்து நழுவவிட்டு, குறியிலிருந்து பல பற்கள் தள்ளி மாட்டினார். கற்றுக்கொண்ட வேலையைக் கற்றபடி செய்தார். உருளையை மறுபடி இறுக்கி மூடியைப் போடும்போது, வாசலில் மனைவி தேநீர்க் கோப்பையோடு நிற்பது தெரிந்தது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கோப்பையை வேலைமேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எல்லோரும் ஷெட்டுக்கு வெளியே கூடினார்கள். டாக்டர் சலவைச் சட்டை போட்டிருந்தார். சவரம் செய்த கன்னத்தில் சின்னப் பையனின் பரபரப்பு. அந்த முகத்தை வாத்தியார் அதுவரை பார்த்ததில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க வாத்தியாரே. வெடிக்குதா பாப்போம்."

"உங்க வண்டி மாமா. உங்க கைதான் முதல்ல படணும்."

தம்பியும் மைத்துனர்களும் கை தட்டினார்கள். டாக்டர் சீட்டில் அமர்ந்து ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றியது. இரும்பு இரும்பில் இடிக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் பதறிப்போய் இன்னொரு தடவை திருப்பினார். இன்னும் பலமாக இடித்தது. அப்புறம் நின்றுபோனது.

வாத்தியார் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"ஆக்ஸிலேட்டரை மிதிச்சீங்களா மாமா?"

"இல்லையே."

"லேசாக்கூட?"

டாக்டர் தன் காலைப் பார்த்தார். "தெரியல" என்றார். "மிதிச்சிருப்பேனோ?"

"விடுண்ணா, வயசாயிடுச்சுல்ல" என்று தம்பி சமாதானம் சொன்னார். மைத்துனர் ஒருவர் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினார். டாக்டர் இறங்க முயன்றார். கால் வாகாக வரவில்லை. வாத்தியார்தான் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். வாத்தியாருக்கு உள்ளே தித்தித்தது. அன்று மத்தியானம் அவர் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

விருந்தாளிகள் போனதும் மனைவி அறைக்கதவைச் சாத்தினாள்.

"நீங்கதான் பண்ணீங்க."

"ஆமா."

"நான் லாக்கை அவர்கிட்ட குடுத்ததுக்காகவா?"

அப்படியானால் அவர் பார்த்தது அவளுக்குத் தெரியும்.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அந்த நாற்காலி எங்க கிடந்துச்சு தெரியுமா?" என்றாள் அவள். "அடுப்படி வாசல்ல. நான் சமைக்கிறதை உக்காந்து பாப்பார். இப்ப நீங்களும் இங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா மூச்சே விடுறேன். உங்களைப் பாடாப் படுத்தறப்ப என்னை மறந்துடுறார். அதனாலதான் குடுத்தேன். போதுமா?"

"என்னைக் கேடயமா வச்சுக்கிட்ட."

"ஆமா. வேற யாரு இருக்கா எனக்கு?"

வாத்தியார் பீரோமேல் இருந்த பெட்டியை இறக்கினார். வேலை கிடைத்திருப்பதை அப்போதுதான் சொன்னார். அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் சட்டைகளை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் பாதி காலியாகவே இருந்தது. அவள் அந்தக் காலி இடத்தைப் பார்ப்பதை அவர் கவனித்தார். நீயும் வா என்று அவர் சொல்லியிருந்தால் அவள் எழுந்திருப்பாள். அவர் சொல்லவில்லை. பெட்டியை மூடினார்.

"நானும்..." என்று ஆரம்பித்தாள்.

"அவர் வயசானவர்" என்றார் வாத்தியார். "பாத்துக்க ஆள் வேணும்ல."

புது ஊரில் அவருக்கு ஒற்றை அறையும் சத்தமில்லாத மாலைகளும் கிடைத்தன. மழை தொடங்கிய சமயத்தில், இடைவேளையின்போது பட்டறைக்காரி போன் செய்தாள்.

"வாத்தியாரே, உங்க வீட்டம்மா வந்திருந்தாங்க. அப்பா அவங்களையே இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிட்டாராம். தலைப்பகுதியை எப்படிக் கழட்டுறதுன்னு கேக்குறாங்க. கையெல்லாம் புண்ணு. நான் பண்ணித் தரேன்னு சொன்னா, அப்பா வேணாம்னுட்டார்னு அழுவுறாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசினா நல்லா இருக்கும்."

வாத்தியார் ஜன்னல் வழியே பார்த்தார். பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கி வராந்தாவில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"போல்ட்டுங்களை ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வந்து கழட்டச் சொல்லுங்க அக்கா. கொஞ்சம் கொஞ்சமா. இல்லேன்னா தலை வளைஞ்சுடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார். மணி அடித்தது. அவர் உலக வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.