கெட்டி ஆயில்

எந்தப் பட்டறைக்குப் போனாலும் டாக்சிக்காரர் ஆயில் டப்பாவின் சீலைத் தன் கையாலேதான் உடைப்பார். மெக்கானிக் முகம் கோணினாலும் கவலைப்படமாட்டார். மச்சானின் பட்டறையில் மட்டும் அது கிடையாது. மனைவியின் அண்ணன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? உள்ளறையில் டீயோடு உட்கார்ந்துகொள்வார். "மாப்பிள்ள, முடிஞ்சுது. முழு சிந்தெடிக் ஆயில்" என்று குரல் வந்ததும் எழுந்து போய்ப் பணம் கொடுப்பார்.

இப்போது வண்டி மேம்பாலத்தில் நீலப்புகை கக்கி நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு போன இடத்தில் இருந்த மெக்கானிக் ஒரு பெண். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரைக் கழற்றினாள். உள்ளே தாரை அள்ளிப் பூசியதுபோலக் கசடு.

"என்ன ஆயில்ணே ஊத்துறீங்க?"

"அஞ்சு டபிள்யூ முப்பது. முழு சிந்தெடிக். போன வாரம்தான் மாத்துனேன்."

சாய்த்துப் பிடித்த தகட்டில் அவள் இரண்டு சொட்டு விட்டாள். புது டப்பாவிலிருந்து விட்டது சரசரவென்று இறங்கியது. வண்டியிலிருந்து எடுத்தது நகர மனமில்லாமல் கிடந்தது.

"இது பழைய லாரிக்கு ஊத்துற இருபது டபிள்யூ அம்பது. காலையில ஸ்டார்ட் பண்ணா, இது டர்போவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அது காய்ஞ்சே சுத்தியிருக்கும். யாரோ உங்க தலையில நல்லா மொளகா அரச்சிருக்காங்க."

அவர் நேராக, போன வாரம் ஆயில் மாற்றிய மச்சானிடம் போனார்.

"டிரம்ல வாங்குற லூஸ் ஆயில்னா ஆயில் இல்லையா, மாப்பிள்ள? அடிக்கிற வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தான் நல்லது."

"உங்க காருக்கும் அதுதானா மச்சான்?"

மச்சான் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்ஜினை நானே எறக்கிக் கட்டித் தரேன். வெளியாள் கை வைக்க வேணாம். தங்கச்சி காதுக்கும் போக வேணாம்."

"வண்டி இருக்கிற இடத்துலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டாக்சிக்காரர் நடந்தே வீடு திரும்பினார்.

வாசலில் மனைவி போனோடு நின்றிருந்தாள்.

"அண்ணன் பேசுனாரு. ஒரு வருஷமா ஆயில் மாத்தவே வரலையாமே நீங்க? எத்தனை தடவை கூப்பிட்டும் காதுல வாங்கலையாமே?"

"பொய்."

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

"எங்கண்ணன் எதுக்குங்க பொய் சொல்லப்போறாரு?"

வழியெல்லாம் அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.