அறுக்கக் கூடாத நூடுல்ஸ்

சுன்லானின் நூடுல்ஸ் கடையில் ஞாயிறுதோறும் யாருக்காவது பிறந்தநாள் வந்துவிடும். அரசாங்கம் தேவாலயத்தைப் பூட்டிய நாளிலிருந்து அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் நாற்பது பேருக்கும் ஆராதனை அங்கேதான். யார் கேட்டாலும் பிறந்தநாள் விருந்து என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் பிறந்தநாள் நிஜமாக இருக்க வேண்டும் என்பது சுன்லானின் சட்டம்.

இந்த வாரம் ஒருவருக்கும் இல்லை.

"என்னோடதுன்னு சொல்லிடு. எழுபது வயசாச்சு, தேதி எனக்கே மறந்துபோச்சு," என்றார் பிரசங்கம் செய்யும் பெய் வாத்தியார்.

"பொய் சொல்லிட்டு ஜெபம் பண்ணினா ஆண்டவர் காதுல பஞ்சு வெச்சுக்குவாரு வாத்தியாரே. எனக்கு ஒரு ஆளைத் தெரியும். கூப்பிடாமலே வருவான்."

பாட்டும் ஜெபமும் முடிந்து, அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது போலீஸ்காரன் காவ் உள்ளே நுழைந்தான். போன மாதம் பக்கத்து ஊரில் இப்படிக் கூடிய வீட்டுக்குச் சீல் வைத்து, வீட்டுக்காரியைப் பதினைந்து நாள் உள்ளே வைத்திருந்தார்கள். காவ் நோட்டைத் திறந்தான்.

"யாருக்கு அத்தை பிறந்தநாள்? அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்க."

"நீயே காட்டேன். உன் சட்டைப் பையிலதானே இருக்கு?"

காவ் விழித்தான். அட்டையை எடுத்துப் பார்த்தான். இன்று தன் பிறந்தநாள் என்பதே அவனுக்கு நினைவில்லை.

"நீ பொறந்த அன்னிக்கு முழங்கால் அளவு பனி. உங்கம்மாவை என் நூடுல்ஸ் வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிட்டுப் போனேன். உட்காரு, கல்லுக்குட்டி."

அது அவனுடைய செல்லப் பெயர். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

சுன்லான் கிண்ணத்தை வைத்தாள். உள்ளே நூடுல்ஸ் ஒரே இழை, நாலு ஆள் நீளம். பிறந்தநாளுக்கு அப்படித்தான். நடுவில் கடித்தால் ஆயுசு அறுந்துபோகும். வாயில் வைத்தால் முடிக்கும்வரை உறிஞ்ச வேண்டியதுதான்.

காவ் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "வேற ஒண்ணும் நடக்கலதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை, எழுதிட்டுப் போயிடுறேன்." நுனியை வாயில் வைத்தான்.

பெய் வாத்தியார் அவள் கையைப் பிடித்து இழுத்தார். சுன்லான் அடுப்பைப் பார்த்தாள், முப்பது வருஷம் மாவு பிசைந்த பலகையைப் பார்த்தாள்.

"நடந்துச்சு கல்லு. பாடினோம், ஜெபம் பண்ணினோம். உனக்காகவும்தான்."

காவின் கண்கள் பிதுங்கின. கன்னம் இரண்டும் உப்பியிருக்க, கை பேனாவுக்குப் போனது. நூடுல்ஸ் வாயிலிருந்து தொங்கியது.

"ஐயோ, கடிச்சுடாதே!" நாற்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவன் உறிஞ்சினான். அவள் விடவில்லை. "அடுத்த வாரமும் பண்ணுவோம். எழுதிக்கோ. நாப்பது பேருன்னு போடு. நாப்பத்தொண்ணுன்னு போட்டுடாதே, உன்னையும் சேர்த்துடுவாங்க."

வியர்க்க வியர்க்க முடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு எழுதினான், எழுதியதை உரக்கப் படித்தான்: "பிறந்தநாள் விருந்து. நீளமான நூடுல்ஸ். கொஞ்சம் உப்பு குறைவு."

"நான் சொன்னது?"

"வாய் நிறைஞ்சிருந்தா எனக்குக் காது கேக்காது அத்தை. அம்மா இதுக்காகவே என்னைத் திட்டுவாங்க."

வாசல்வரை போய்த் திரும்பினான். "ஜாக்கிரதை. அடுத்த ஞாயிறு எனக்கு லீவு. புதுசா ஒருத்தன் வருவான்."

சுன்லான் இடுப்பில் கட்டிய துணியில் மாவுக் கையைத் துடைத்தாள்.

"அவனுக்கு என்னிக்குப் பிறந்தநாள்?"