பச்சை விளக்கு சிமிட்டவில்லை

மச்சினன் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அதற்கு ஈடாக உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி கம்ப்யூட்டர் பலகையைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினான். டிவி கம்ப்யூட்டராகிவிட்டது. மகள் துள்ளிக் குதித்தாள்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க மாமா. பிடிச்சா கடன் கழிஞ்சுது. இல்லேன்னா காசாத் தந்துடறேன்."

சிமெண்ட் மூட்டை தூக்கும் மாமாவுக்கு அவன் சிரிப்பே சரியாகப் படவில்லை. செல்போன் ரிப்பேர் கடைக்காரன், விலை போகாத சரக்கைத் தலையில் கட்டிவிட்டானோ? அதிலிருக்கும் மெமரி கார்டாவது அவன் சொன்ன அளவுதானா? யாரும் இல்லாத நேரத்தில் பலகையிலிருந்து கார்டை உருவித் தன் போனில் போட்டுப் பார்த்தார். போன் என்னமோ கேட்டது. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொறுமை போய், 'சரி'யை அழுத்திவிட்டு, கார்டைப் பழையபடி சொருகினார்.

சாயங்காலம் பலகையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. ஓடும்போது சிமிட்டும் பச்சை விளக்கு சிமிட்டவில்லை. டிவியில் வெறும் இருட்டு.

"பாத்தியா உன் தம்பி லட்சணத்தை? காசைக் கேட்டா கண்ணாமூச்சி காட்டறான்!"

"அவன் வந்து பாக்கட்டும். அதுக்குள்ள தாம்தூம்னு குதிக்காதீங்க" என்றாள் மனைவி.

மச்சினன் வந்தான். அவன் விரல்களை விட்டு மாமா கண்ணை எடுக்கவில்லை. சார்ஜரை மாற்றினான், சிவப்புதான். கார்டைத் துடைத்துச் சொருகினான், அப்பவும் சிவப்புதான். தன் பையிலிருந்த வேறு கார்டைப் போட்டதும் பச்சை படபடவென்று சிமிட்டி, டிவி உயிர்பெற்றது.

"பலகை நல்லாத்தான் இருக்கு மாமா."

"அப்ப சொத்தைக் கார்டைத் தள்ளியிருக்க!"

அவன் அந்தக் கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான்.

"கார்டும் நல்லாருக்கு. உள்ள இருந்ததைத்தான் சுத்தமா அழிச்சு வெச்சிருக்கு. யாராச்சும் போன்ல போட்டீங்களா?"

மனைவி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"அளவு பாத்தேன்" என்றார். "என்னமோ கேட்டுச்சு. சரின்னேன்."

"இந்தக் கார்டுல இருக்கறது போனுக்குப் புரியாது மாமா. எல்லாத்தையும் அழிச்சிரட்டுமான்னு கேட்டிருக்கும்."

"போனுக்கே சந்தேகம் வருது, எனக்கு வரக்கூடாதா?"

அக்காவும் தம்பியும் சிரித்துவிட்டார்கள். அவன் எல்லாவற்றையும் மறுபடி கார்டில் ஏற்றினான். ஏறி முடியும்வரை, நடுவில் கார்டை மாற்றிவிடுவானோ என்று மாமா நகராமல் உட்கார்ந்திருந்தார். பச்சை சிமிட்டியது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப பாக்கி, மாமா?"

"என்ன பாக்கி?" என்றார் அவர், டிவியைப் பார்த்தபடியே. "ஒரு பாக்கியும் இல்ல. கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."