ஐம்பத்தெட்டு கிலோ

கும்ரான் படிவத்தில் எடை ஐம்பத்தெட்டு கிலோ என்று எழுதினார். தோழிகள் பார்த்துவிடாதபடி இடது கையால் காகிதத்தை மறைத்துக்கொண்டார்.

ஏரியில் மிதக்கும் எங்கள் நீர் விளையாட்டு மேடையில் லைஃப் ஜாக்கெட் கொடுப்பது என் வேலை. எடையைப் பார்த்து அளவு கொடுக்க வேண்டும். கும்ரானும் மற்ற மூவரும் கொரியாவின் சுன்சோன் நகரச் சந்தையில் கிம்சி ஊறுகாய் விற்கும் பெண்கள். கடைகளை மூடிவிட்டு வந்திருந்தார்கள். கும்ரான் எழுபதுக்குக் குறைய வாய்ப்பே இல்லை.

ஒன்றும் சொல்லாமல் நடுத்தர அளவைக் கொடுத்தேன்.

சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபம். போன ஜூலையில் ஒருவருக்கு ஜாக்கெட் சிறியது என்று தெரிந்தும், மனம் கோணுவாரே என்று இருந்துவிட்டேன். நீரில் விழுந்ததும் அது மேலேறி அவர் முகத்தை மூடிவிட்டது. இழுத்துப் போட்டோம். இருமினார், சிரித்தார், போய்விட்டார். ஏரி உறைந்து கிடந்த குளிர்காலம் முழுக்க அந்த இருமல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீரில் இறங்கும் முன் மேடையில் நால்வரும் உடற்பயிற்சி செய்தார்கள்.

"அக்கா, குனிஞ்சு கால் விரலைத் தொடணும்" என்றாள் ஒல்லியான ஜொம்ரே.

"இங்கேர்ந்தே பார்த்துட்டேன். அது போதும்" என்றார் கும்ரான்.

மனம் கேட்காமல் நான் அவருடைய ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்துத் தூக்கினேன். அது மூக்குவரை ஏறியது.

"என்ன தம்பி, பூனைக்குட்டிய தூக்குற மாதிரி தூக்குற?"

மோட்டார் படகிலிருந்து படகோட்டி கிபோம் கத்தினான்: "ஏத்திவிடு அண்ணே! அடுத்த கூட்டம் நிக்குது!" படகின் பின்னால், ஆட்களை ஏற்றி இழுத்துப்போகும் நீளமான மஞ்சள் காற்றுமிதவை ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த ஜாக்கெட்டோட இவங்கள ஏத்த முடியாது" என்றேன்.

கும்ரான் இடுப்பில் கைவைத்து என் பக்கம் திரும்பினார்.

"நான் குண்டுன்னு சொல்றியா?"

"எத்தன கிலோன்னு நான் கேக்கலக்கா. விழுந்தா இது மேல வந்து மூச்ச அடைச்சுடும். பெருசு போடுங்க. இல்லேன்னா கரையில உக்காந்து சோளம் சாப்பிடுங்க."

கும்ரானின் காது சிவந்தது. கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து புன்னாம் மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, எனக்கும் ஒரு பெருசு குடேன்."

கும்ரான் திரும்பினார். "நீ எவ்வளவுடி எழுதின?"

"ஐம்பத்தஞ்சு."

"அடிப்பாவி! நீ தூக்குற முட்டைக்கோஸ் மூட்டையே அவ்வளவு வருமேடி!"

மூன்றாமவளும் வாயைப் பொத்திக்கொண்டு தன் ஜாக்கெட்டைக் கழற்றினாள். ஜொம்ரே மட்டும் தயங்கினாள். "நான் எட்டு கிலோ கூட்டிப் போட்டேன். ஒல்லின்னா முன்னாடி உக்கார விடமாட்டீங்களோன்னு." அவளுக்குச் சிறியதைக் கொடுத்தேன்.

படிவங்களைத் திருத்தினோம். கும்ரான் தன்னுடையதை உரக்கவே படித்தார்: "எழுபத்தாறு!" நான் பட்டைகளை இறுக்கி மறுபடி தூக்கிப் பார்த்தேன். இம்முறை ஜாக்கெட் அசையவில்லை.

நடு ஏரியில் கிபோம் வழக்கம்போல வேடிக்கைக்காகப் படகை ஒடித்துத் திருப்பினான். மிதவை கவிழ்ந்தது. மேலே வந்த தலைகளை எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று குறைந்தது. மிதவைக்கு அந்தப்பக்கம் நான்காவது தலை, தோளோடு எழும்பியது.

"தம்பி!" கும்ரானின் குரல் எதிர்மலைவரை போனது. "எழுபத்தாறும் மிதக்குதுடா!"

கிபோம் படகின் ஏணியை இறக்கினான். ஒருத்தியும் ஏறுவதாக இல்லை.