குரல் வாக்கெடுப்பு

ஹீனாவுக்காக ஜெபராணி ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துவிட்டாள். மாதனூர் ஷூ கம்பெனியில் வேலை நேரத்தில் போன் கூடாது. தையல் பிரிவின் சூப்பர்வைசரான அவளே அதை மீறியது தெரிந்தால் அவள் வேலைக்கும் ஆபத்து. ஆனாலும் தன் போனையே கையில் கொடுத்து, "சவுண்ட கம்மியா வெச்சிப் பாரு. யாராச்சும் வந்தா லைனிங் எடுக்க வந்தேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லைனிங் துணி ரோல்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஹீனா மக்களவை நேரலையைப் பார்த்தாள். உள்துறை அமைச்சகத்துக்கான நிதிக் கோரிக்கை அன்று சபைக்கு வருவதாக இருந்தது. நாட்டுக்குள் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்புகளுக்கு வருஷா வருஷம் அதிலிருந்துதான் பணம் போகிறதாம். அந்த விவாதத்தில் அவள் கணவன் ஷோயபின் பெயரைச் சொல்லிப் பேசுவதாகத் தொகுதி எம்.பி. வாக்குக் கொடுத்திருந்தார்.

ஷோயப் ஆம்பூரில் ஷூ சோல் வியாபாரம் செய்துகொண்டிருந்தவன். அவனிடம் சரக்கு எடுத்த பெங்களூர்க்காரன் ஒருவன் ஏதோ வழக்கில் பிடிபட்டான். அந்த ஆளின் போனில் ஷோயபின் நம்பர் அடிக்கடி வந்திருந்தது. டெல்லியிலிருந்து வந்த அதிகாரிகள், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று சொல்லி ஷோயபை அழைத்துப் போனார்கள். மூன்றாவது ரம்ஜானும் போய்விட்டது. வழக்கு விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. ஜாமீன் கேட்டபோதெல்லாம் நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி மறுத்தார்கள். அதையே கேட்டுக் கேட்டு, தனக்குத் தெரியாமல் இவர் ஏதாவது செய்திருப்பாரோ என்று ஹீனாவே சில சமயம் நினைத்திருக்கிறாள். நினைத்த மறுநிமிடம் தன்னையே திட்டிக்கொள்வாள்.

எம்.பி. கெட்டவர் இல்லை. அவள் போய்ப் பார்த்தபோது உட்காரவைத்துக் கடைசிவரை கேட்டார். "உள்துறைக்காரங்க பணம் கேட்டு சபைக்கு வர்றப்பதாம்மா நாம திருப்பிக் கேள்வி கேக்க முடியும்" என்றார். சிறையிலிருந்து வாரம் ஒருமுறை வரும் போனில் அவள் இதை ஷோயபிடம் சொன்னாள். அவன் உடனே, தன் பெயரைச் சொல்வாரா, ஊரையும் சொல்வாரா என்று குழந்தை மாதிரி விசாரித்தான்.

திரையில் ஒரே கூச்சல். வேறு எதற்காகவோ உறுப்பினர்கள் சபையின் நடுவில் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். சபாநாயகர் இந்தியில் வேகமாக வாசித்தார். உருது பேசும் ஹீனாவுக்கு வார்த்தைகள் புரிந்தன, நடப்பது புரியவில்லை. ஆதரிப்பவர்கள் 'ஆம்' சொல்லலாம் என்றார். பெரிய சத்தம் எழுந்தது. எதிர்ப்பவர்கள் 'இல்லை' சொல்லலாம் என்றார். அதில் எது 'இல்லை', எது கோஷம் என்று பிரிக்க முடியவில்லை. நிறைவேறியது என்று அறிவித்தார். கேமரா திரும்பியபோது பின்வரிசையில் அவர்கள் எம்.பி. தெரிந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இனிமேல்தான் எழுந்து பேசுவார் என்று நினைத்து அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். மறுபடி பார்த்தபோது சபை கலைந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் எம்.பி.யின் உதவியாளர் ராமமூர்த்தியைப் போனில் பிடித்தாள். நேரம் போதவில்லை என்று மீதியிருந்த கோரிக்கைகளையெல்லாம் விவாதிக்காமலே மொத்தமாக ஓட்டுக்கு விட்டுவிட்டார்கள், அநேகமாக எல்லா வருஷமும் இப்படித்தான் என்று அவர் விளக்கினார். சார் பேச்சைத் தயார் செய்துதான் வைத்திருந்தாராம்.

"அவரு இன்னான்னு ஓட்டுப் போட்டாரு சார்?"

"கொரல்ல போடறதும்மா அது. யாரு இன்னா சொன்னாங்கன்னு பதிவாகாது." பிறகு, அடுத்த வருஷம் திரும்பவும் வரும், அப்போது பார்க்கலாம் என்றார்.

ஷோயபின் போன் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் வந்தது. அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று காலையில் கம்பெனி பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். தமிழ்நாட்டுச் சிறைதான்; காவலர்கள் ஒட்டுக்கேட்பதால் அவர்களுக்குப் புரியாத உருதுவில் பேச முடியாது. கல்யாணமானதிலிருந்து இருவரும் தமிழில் பேசிக்கொள்வது இந்தப் போனில் மட்டும்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"டிவில பாத்தோம் ஹீனா. நம்ம எம்.பி. நல்லா பேசினாரு. என் பேரு, ஊரு எல்லாம் சொன்னாரு."

அவள் கேட்டைத் தாண்டி மரத்தடிக்கு வந்து நின்றாள்.

"நீ பாக்கலியா?"

"இல்லீங்க. வேலைல இருந்தேன்." போனை மறு காதுக்கு மாற்றினாள். "இன்னா பேசினாரு? சொல்லுங்க."

அவன் சொல்ல ஆரம்பித்தான். முதலில் தயங்கினான், அப்புறம் சரளமாக வந்தது. சபையே அமைதியாகக் கேட்டதாம். மந்திரி தலைநிமிர்ந்து பார்த்தாராம். அவள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். கேட்டிலிருந்து கழிவுத்தோல் துண்டுகள் ஏற்றிய லாரி ஒன்று வெளியே வந்தது. தார்ப்பாயைச் சரியாகக் கட்டவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கி, பழுப்பும் கறுப்புமாகத் துண்டுகளை ரோட்டில் உதிர்த்துக்கொண்டே அது ஹைவே பக்கம் போனது.