பதினான்கு விநாடி மௌனம்

1

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம்.

நீதிமன்றத்துக்காக ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் காவல்துறையின் அவசர எண்ணை அழைத்தாள். நான் தட்டியது இவ்வளவுதான்:

பெண்: ஹலோ... கொஞ்சம் வாங்களேன்...
[மௌனம், 14 விநாடி]
பெண்: ஒண்ணுமில்லங்க. தப்பா போட்டுட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அவள் கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்துக்கிடந்தாள். கணவனுக்கு ஆயுள் தண்டனை. இப்போது மேல்முறையீடு.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது.' பெய்யவில்லை. நீக்கிவிட்டேன்.)

அந்த நேரத்தில் வீட்டிலேயே இல்லை என்கிறான் கணவன். இருந்தான் என்று சொன்ன ஒரே சாட்சி பக்கத்து வீட்டுக்காரர். அவர் இப்போது அது எந்த நாள் என்று குழப்புகிறார். மிச்சம் இருப்பது என் தட்டச்சு. அதில் அவன் இல்லை.

செத்தவளின் அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, அந்தப் பதினாலு செகண்டுல ஒண்ணுமே இல்லையா? அவ வாயாடி தம்பி, மூச்சு விடாம பேசுவா. அவ கம்முனு இருந்தான்னா எதிர்ல அவன் நின்னிருக்கணும். அவன் வெளிய வந்தா நேரா என் வீட்டுக்குத்தான் வருவான். அவ பொண்ணு எங்கிட்டதான் வளருது."

3

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் தட்டுவோம். இல்லாவிட்டால் வேலை முடியாது. அந்த வேகத்திலும் பேச்சு புரியும்; கிசுகிசுப்பு மட்டும் இரைச்சலாகிவிடும்.

அக்கா போனதும் சாதாரண வேகத்தில் கேட்டேன். ஒன்பதாவது விநாடியில் ஓர் ஆண்குரல்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லு."

ஒலியைக் கூட்டினேன். இரைச்சல் கூடியது, குரல் கூடவில்லை. குறைத்தேன். இன்னும் தெளிவாகக் கேட்டது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். அப்போதும் கேட்டது. பயந்துபோனேன்.

பக்கத்து மேசைக்காரியைக் கேட்கச் சொன்னேன். "வெறும் காத்து சார். நீங்க மொதல்ல கதை எழுதுறத நிறுத்துங்க" என்றாள்.

[உங்களுக்கும் இங்கே சந்தேகம் வர வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு வெற்றிடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.]

4

முடிவு ஒன்று: என் தவறை ஒப்புக்கொண்டு பிரமாணப் பத்திரம் தருகிறேன். வேலை போகிறது, அவன் தண்டனை நிலைக்கிறது.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். அவன் வெளியே வருகிறான். அக்கா வீட்டு வாசலில் அந்தக் குழந்தை

(இதை முடிக்கத் தைரியம் வரவில்லை.)

இதுவரை எழுதிய தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் மனைவி படித்துக்கொண்டிருக்கிறாள். விரல் மூன்றாம் பகுதியில் இருந்தது.

"இது நீங்க கேட்டதா, எழுதினதா?"

"கேட்டதுதான். ஏன்?"

"எங்க அண்ணன் போன் பண்ணப்ப எங்கிட்ட இதையேதான சொன்னீங்க? என் உதடு வீங்கியிருந்தப்ப. கதவுகிட்ட நின்னுக்கிட்டு."

"அது எப்பவோ..." என்று

[இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.]

"அண்ணனுக்குக் கேக்கவே இல்ல" என்றாள்.

5

வியாழக்கிழமை விசாரணை. கணவனின் வக்கீல் கேட்பார்: கூட வேலை செய்பவருக்குக் காற்றாகக் கேட்டது உங்களுக்கு மட்டும் எப்படிக் குரலாகக் கேட்டது?

உண்மையான பதில் ஒன்றுதான். போனில் விழாமல், பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் விழும்படி அதை எவ்வளவு தாழ்த்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொன்னால், கூண்டில் நிற்பது சாட்சியா வேறு ஆளா என்று நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். சொல்லாவிட்டால் அது வெறும் காற்றுதான்.

எழுதாத பிரமாணப் பத்திரம் மேசையில் கிடக்கிறது. எதிரில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். பேனாவை என் பக்கம் நகர்த்திவைத்தாள்.

நான் என்ன எழுதட்டும்? நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், அவளுக்கும் கேட்கட்டும்.